மைல்களைக் காசாக எண்ணிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கினாலே விமானச்சீட்டு விலை பற்றிய புலம்பல் வாசகர் கடிதங்களில் வந்துவிடும். ‘மைல் இருந்தும் சீட்டு கிடைக்கவில்லை’ என்ற வரியும் அதில் தவறாமல் இருக்கும். சிங்கப்பூரில் பல குடும்பங்கள் கடன்பற்று அட்டை வழியாகச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்களை, அதாவது விமானச்சீட்டாக மாற்றக்கூடிய வெகுமதிப் புள்ளிகளை, சேர்த்து வைத்திருக்கின்றன. அவற்றைச் செலவிடும் வகை பற்றிச் சில விவரங்கள்.

முதலில் ஒரு கணக்கு. அதே விமானத்துக்குப் பணமாகக் கட்ட வேண்டிய விலையைப் பாருங்கள். மைல் சீட்டுக்கும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரியை அதில் கழியுங்கள். சாங்கியில் புறப்படுபவருக்கு விமான நிலையக் கட்டணங்களே 65 வெள்ளிக்கு மேல் வரும். மிச்சத்தைத் தேவைப்படும் மைல்களால் வகுத்தால் ஒரு மைல் எத்தனை காசு பெறும் என்பது தெரிந்துவிடும். எடுத்துக்காட்டுக்கு, ஒருவழிச் சீட்டு 420 வெள்ளி, வரி 80 வெள்ளி, தேவை 20,000 மைல் என்று வையுங்கள். 340 வெள்ளியை 20,000ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 1.7 காசு. இது நல்ல பேரம். அதே சீட்டு மலிவு விற்பனையில் 240 வெள்ளிக்கு வந்தால் மதிப்பு 0.8 காசாகச் சரிந்துவிடும். அப்போது பணத்தைக் கட்டிவிட்டு மைலைத் தொடாமல் விடுவதே நல்லது. பணம் கொடுத்து வாங்கும் சீட்டுக்குப் புதிதாக மைல் சேரும், மைல் கொடுத்து வாங்கும் சீட்டுக்குச் சேராது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிஸ்னஸ் வகுப்பில்தான் மதிப்பு அதிகம் என்று பலரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 1,400 வெள்ளி இருக்கை 40,000 மைலுக்குக் கிடைத்தால், 80 வெள்ளி வரி போக, ஒரு மைலுக்கு 3.3 காசு என்று வரும். ஆனால் அந்த இருக்கைக்குச் சொந்தப் பணத்தில் 1,400 வெள்ளி கொடுக்க நீங்கள் முன்வருவீர்களா? நான்கரை மணி நேரம் பறக்கும் சென்னைத் தடத்துக்கு 700 வெள்ளிதான் உங்கள் வரம்பு என்றால் உங்களுக்கு அதன் மதிப்பு 1.55 காசு. மேலே சொன்ன எகானமி சீட்டைவிடக் குறைவு. லண்டனுக்கு இரவெல்லாம் பறக்கும்போது படுக்கும் இருக்கைக்கு மைல் கொடுப்பது வேறு விஷயம்.

ஒரு காசுக்குக் கீழே போகும் வழிகளை ஒதுக்கிவிடுவது பாதி வெற்றி. கிரிஸ்ஷாப்பில் பொருள் வாங்குவது, கிரிஸ்பிளஸ் செயலியில் கடைக்குக் கட்டணம் செலுத்துவது, பணச் சீட்டின் விலையில் ஒரு பகுதியை மைலால் கழிப்பது எல்லாமே சுற்றிச் சுற்றி ஒரு காசு அளவிலோ அதற்குக் குறைவாகவோதான் முடியும். காலாவதி ஆகப்போகும் சில்லறை மைல்களுக்கு மட்டும் அவை சரி.

இருக்கைக்கு வருவோம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மைல் சீட்டில் குறைந்த மைல் கேட்கும் சேவர், கூடுதல் மைல் கேட்கும் அட்வாண்டேஜ் என்ற இரண்டு வகைகள் பழையவை. 2025 நவம்பரில் ஆக்சஸ் என்று மூன்றாவது வந்தது. அதன் விலை தேவைக்கேற்ப ஏறி இறங்கும். மேலே போட்ட கணக்கு பெரும்பாலும் சேவருக்குத்தான் பலன் தரும். சேவர் விலை அட்டவணைப்படி நிலையாக இருக்கும். தீபாவளி வாரத்தில் பண விலை இரண்டு மடங்கானாலும் அது மாறாது. அதனால்தான் அந்த வாரங்களில் அதன் இருக்கைகள் முதலில் தீர்ந்துபோகின்றன.

முன்பதிவு 355 நாள்களுக்கு முன்பே திறக்கிறது. டிசம்பர் 20ஆம் தேதிப் பயணத்துக்கு முந்தைய டிசம்பர் 30 அன்றே இருக்கை தேடலாம். திரும்பும் தேதியும் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போக ஒரு சீட்டு, வர ஒரு சீட்டு என்று தனித்தனியாக எடுத்தாலும் தேவைப்படும் மைல் அதிகமாகாது. கல்வி அமைச்சு அடுத்த ஆண்டின் பள்ளி நாள்காட்டியை வழக்கமாக ஆகஸ்ட் மாத வாக்கில்தான் வெளியிடுகிறது. டிசம்பர் விடுமுறைக்கு அதில் சிக்கல் இல்லை. ஜூன் விடுமுறைக்கோ நாள்காட்டி வருமுன்பே முன்பதிவு திறந்துவிடும். மே கடைசி வாரத்தில் விடுமுறை தொடங்கும் என்ற பழைய வழக்கத்தை நம்பி எடுக்க வேண்டியதுதான். தேதி தவறினால் கட்டணம் செலுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

இருக்கை இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியலில் சேருங்கள். பட்டியலில் இருக்கும்வரை மைல் கழிக்கப்படாது, ஒன்றுக்கு மேற்பட்ட தேதிகளுக்கும் பதியலாம். பலர் கோட்டைவிடுவது அதற்குப் பிறகுதான். இருக்கை உறுதியானதும் வரும் மின்னஞ்சலில் சீட்டை எடுத்து முடிக்க ஒரு கெடு இருக்கும். மின்னஞ்சல் குப்பைக் கோப்பில் விழுந்தால் இருக்கை அடுத்தவருக்குப் போய்விடும். வேண்டிய மைல்களையும் அதற்குள் கணக்கில் தயாராக வைத்திருங்கள்.

தேதி பற்றிக் கவலையில்லாதவர்கள் மாத நடுவில் அறிவிக்கப்படும் ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ் சலுகையைப் பார்க்கலாம். அடுத்த மாதப் பயணத்துக்குச் சில தடங்களில் வழக்கமாக 30 விழுக்காடு மைல் குறையும். ஆனால் அந்தச் சீட்டை மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது. பள்ளிப் பிள்ளைகளுள்ள வீட்டுக்கு அது ஒத்துவருவது அபூர்வம்.

கடன்பற்று அட்டைச் செலவுக்கு வங்கி தரும் புள்ளிகளை அவசரப்பட்டு மைலாக்குவது பெரிய தவறு. மைலாக மாறிய நாளிலிருந்து மூன்றாண்டுக் காலாவதி ஓடத் தொடங்கும். மாற்றியதைத் திரும்ப வங்கிக்குக் கொண்டுபோக வழியில்லை. டிபிஎஸ் ஆல்டிட்யூட், சிட்டி பிரீமியர்மைல்ஸ் போன்ற அட்டைகளின் புள்ளிகளுக்குக் காலாவதி கிடையாது என்பதால் அவை வங்கியிலேயே இருக்கட்டும். டிபிஎஸ் உமன்ஸ் வேர்ல்டு அட்டைப் புள்ளிகளோ ஓராண்டில் போய்விடும், அவற்றை முதலில் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பொதுவாக 25 வெள்ளியும் பொருள் சேவை வரியும் பிடிப்பார்கள். அதனால் சிறிது சிறிதாக மாற்றினால் நட்டம். மாற்றம் வந்துசேர ஓரிரு வேலை நாள் ஆகும், அதற்குள் கண்ட இருக்கை பறந்துவிடக்கூடும். ஒரு பயணத்துக்குப் போதுமான மைலை மட்டும் கிரிஸ்ஃபிளையர் கணக்கில் வைத்திருப்பது நடைமுறைக்கு ஏற்றது.

அதற்கு மேல் குவித்து வைப்பதில் அர்த்தமில்லை. 2017, 2019, 2022, 2025 என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மைல் அட்டவணையின் விலை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. வட்டி தராத, மதிப்பு மட்டும் குறையும் சேமிப்பு இது.

குடும்பமாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு வயது நிரம்பிய குழந்தைக்கும் பெரியவருக்கும் மைல் சீட்டில் ஒரே விலை. பணச் சீட்டிலோ சிறுவர் கட்டணம் பொதுவாகக் குறைவு. எல்லாருக்கும் மைல் போதாதபோது பெரியவர்களுக்கு மைலும் பிள்ளைகளுக்குப் பணமும் கொடுங்கள். முன்பதிவு எண்கள் இரண்டாகிவிடும். விமான நிறுவனத்தை அழைத்து இரண்டையும் இணைத்துக் குறிப்பெழுதச் சொல்ல வேண்டும். கணவன், மனைவி மைல்களை ஒரே கணக்கில் கொட்ட முடியாது. ஒருவர் தம் மைலில் மற்றவருக்குச் சீட்டெடுக்க, அவரைப் பயனாளியாக முன்பே பதிய வேண்டும். ஐந்து பேர் வரைதான் இடம்.

மிக மலிவான எகானமி லைட் கட்டணத்தில் சீட்டெடுத்துவிட்டுப் பிறகு மைலால் வகுப்பை உயர்த்தலாம் என்று நினைக்காதீர்கள், அந்தக் கட்டணத்துக்கு அது கிடையாது. ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் உள்ள மற்ற நிறுவனங்களின் விமானங்களுக்கும் இதே மைலைச் செலவிடலாம். ஆனால் லுஃப்தான்சா போன்றவற்றில் எரிபொருள் கூடுதல் கட்டணம் கணிசமாக ஏறும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த மைல் சீட்டுகளில் அதை 2017இலேயே நீக்கிவிட்டது.

திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தில் அங்கே பறப்பது மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட் என்பதால் சேவர் அட்டவணை பொருந்தாது. மைலைக் கட்டணக் கழிவாகத்தான் பயன்படுத்தலாம், மதிப்பும் ஒரு காசு அளவில்தான் நிற்கும். அந்தத் தடங்களுக்குப் பணம் கட்டிவிட்டு, மைலைச் சென்னைக்கோ அதைவிடத் தொலைவுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அங் மோ கியோ, சிங்கப்பூர்