சோள மாவு என்று எழுதினால் எந்த மாவை வாங்குவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல நாட்டு ரொட்டிகளையும் இனிப்புகளையும் மளிகைப் பொருள்களையும் ஒரே கூரையின்கீழ் அடுக்கி வைத்திருக்கும் கடைகளுக்குப் போய்வருவதில் எனக்கு நெடுநாளாகவே ஈடுபாடு உண்டு. தமிழ் இதழ்களில் வரும் பிறநாட்டுச் சமையற்குறிப்புகளைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கடைகளுக்குள் நுழையும் வாசகர்களில் நானும் ஒருத்தி. அப்படி நுழைகிறவர்கள் படும் பாட்டைச் சொல்லி, தங்கள் உணவுப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கவே இதை எழுதுகிறேன். பிறநாட்டுப் பொருளைப் பற்றி எழுதும்போது, பொட்டலத்தின்மேல் அச்சாகியிருக்கும் பெயரையே தமிழ் எழுத்தில் தாருங்கள். அதற்கு ஈடாக நமக்குப் பழகிய வேறொரு பெயரைச் சூட்டிவிடாதீர்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வார இதழில் மெக்சிகோ நாட்டின் தட்டை ரொட்டியான டார்ட்டியாவுக்கான செய்முறை வந்திருந்தது. சோள மாவு, உப்பு, வெதுவெதுப்பான நீர், இவ்வளவே போதும் என்று எழுதியிருந்தார்கள். கடையில் மக்காச்சோளத்திலிருந்து எடுத்த பொடிகள் மட்டுமே நான்கு வகை இருந்தன: ரவைபோல மஞ்சளாக ஒன்று, மஞ்சளாகவே நைசாக ஒன்று, தூய வெள்ளையாக ஒன்று, வெளிர்நிறத்தில் சற்றே சொரசொரப்பாக ஒன்று. வெள்ளையாக இருந்ததை எடுத்துவந்தேன். நீர் விட்டுப் பிசைந்தால், அழுத்தும்போது கல்போல் இறுகியது. கையைத் தளர்த்தியதும் பால்போல விரலிடுக்கில் வழிந்தோடியது. மாவைக் கூட்டிப் பார்த்தேன், நீரைக் குறைத்துப் பார்த்தேன், உருண்டை பிடிக்க முடியவே இல்லை. சூப்பைக் கெட்டியாக்கப் பயன்படும் ஸ்டார்ச்சை வாங்கி வந்திருக்கிறேன் என்பது மறுபடியும் கடைக்குப் போய்க் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

எனக்கு வேண்டியிருந்தது மாசா ஹரீனா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோல் கழன்றதும் கழுவி அரைத்து, அந்த மாவைக் காயவைத்துப் பொடித்தது அது. சுண்ணாம்புநீரில் ஊறுவதால்தான் மாவுக்கு ஒட்டிப்பிடிக்கும் தன்மை வருகிறது. தானியத்தில் பிணைந்து கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினும் உடலில் சேரும் நிலைக்கு வருகிறது. மக்காச்சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இந்த முறையை வாங்கிக்கொள்ளாத நாடுகளில், அதையே நம்பி வாழ்ந்த ஏழை மக்களை நயாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா என்ற நோய் வாட்டியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் அந்நோய் பரவியதை மருத்துவ வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. இத்தனையும் அடங்கிய ஒரு மாவைச் சோள மாவு என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு! போதாததற்கு, தமிழில் சோளம் என்பது வேறொரு தானியம். மக்காச்சோளம் என்றுகூட அந்தக் குறிப்பு சொல்லவில்லை. சரியான மாவை வாங்கிவந்து பிசைந்த அன்று, மழை பெய்த மண்ணைப்போல ஒரு மணம் எழுந்தது. உருண்டை பிளவுபடாமல் உள்ளங்கையில் அமர்ந்தது.

ரொட்டி அலமாரியில் பெயரின் தேவை இன்னும் கூடுதல். தாள்போல மெல்லிய ரொட்டி ஒன்று லவாஷ் என்ற பெயரிலும், அதன் உறவு முறையில் வரும் மற்றொன்று யுஃப்கா என்ற பெயரிலும் அருகருகே இருக்கும். ஆர்மீனியாவின் லவாஷை 2014-இலும், அஜர்பைஜான், ஈரான், கஜகஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி ஆகிய ஐந்து நாடுகள் கூட்டாக முன்வைத்த லவாஷ், கட்டிர்மா, ஜூப்கா, யுஃப்கா மரபை 2016-இலும் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த நாடுகள் நான்கு பெயரையும் விட்டுக்கொடுக்காமல் காத்திருக்க, நாம் எல்லாவற்றையும் 'மெல்லிய ரொட்டி' என்று எழுதிவிட்டால் வாசகர் எதைத் தேடுவார்? லவாஷ் காய்ந்து அப்பளம்போல ஒடிந்தாலும் வீணாகாது. நீர் தெளித்து, துணியில் சுற்றிச் சிறிது நேரம் வைத்தால் மறுபடியும் மடிக்கலாம். ஆர்மீனியர்கள் அதை மாதக்கணக்கில் சேமிப்பதே இப்படித்தான். மற்ற ரொட்டிகளைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பதைவிட உறைபெட்டியில் வைப்பது நல்லது. உறையாத குளிரில்தான் ரொட்டியின் மாவுப்பொருள் மிக விரைவாக இறுகிப்போகிறது.

எத்தியோப்பியாவின் இஞ்சேராவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டெஃப் என்னும் மிகச் சிறிய தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்கவிட்டு, ஒரு பக்கம் மட்டுமே சுட்டு எடுப்பது அது. டெஃப்பில் பசையம் (குளூட்டன்) கிடையாது என்பதால் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆவலுடன் தேடிப்போகிறார்கள். ஆனால் கடைகளில் கிடைக்கும் இஞ்சேராவில் கோதுமை மாவோ பார்லி மாவோ கலந்திருப்பதும் உண்டு. பெயரைச் சொல்வதோடு, பொட்டலத்தின் பின்பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் ஒரு வரி எழுதினால், சிலருக்கு அது நோயைத் தவிர்க்கும் வரியாகவே இருக்கும். இதற்கு நேரெதிரான குழப்பம் ஜப்பானின் அரிசிப் பண்டமான மோச்சியில் இருக்கிறது. பசையரிசியில் செய்தது என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பசையம் இருக்கிறது என்று பயந்து வைத்துவிடுகிறார்கள். அந்த அரிசியின் ஒட்டும் தன்மைக்கும் கோதுமையின் பசையத்துக்கும் தொடர்பே இல்லை.

இனிப்புகளில் ஹல்வாவைப்போலக் குழப்பம் தருவது வேறில்லை. அந்த அரபுச் சொல்லுக்கு இனிப்பு என்பதே பொருள் என்பதால், நாட்டுக்கு நாடு வெவ்வேறு பண்டம் அந்தப் பெயரில் விற்கிறது. குழைவாக இருக்கும் என்று எண்ணி டப்பாவைத் திறந்தால், உள்ளே எள் விழுதான தஹினியும் சர்க்கரைப் பாகும் சேர்ந்து இறுகிய, நார்நாராக உதிரும் ஒரு கட்டி இருக்கும். வாயிலிட்டால் முதலில் மணலாகப் பொடிந்து, பிறகு வெண்ணெயாகக் கரையும். எனக்கு மிகவும் பிடித்த பண்டம் அது. ஆனால் எள் ஒவ்வாதவருக்கு அது ஆபத்து. அமெரிக்கா 2023 ஜனவரி 1 முதல் எள்ளையும் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் சேர்த்திருக்கிறது. சைவ உணவுக்காரர்கள் இனிப்புகளில் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டினையும், ஈ120 என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். அந்த எண்ணுக்குரிய சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து எடுப்பது. சோயாவில் செய்த ஜப்பானிய விழுதான மிசோவிலும் தாஷி சேர்த்த வகை உண்டு. உலர்ந்த மீனிலிருந்து எடுக்கும் சாறுதான் பெரும்பாலும் தாஷி.

தேதியிலும் இதே நிலைதான். தாய்லாந்துப் பொட்டலம் ஒன்றில் 2570 என்ற ஆண்டைக் கண்டு அச்சுப்பிழை என்றே நினைத்தேன். அது புத்த சகாப்தம், 543-ஐக் கழித்தால் 2027 வரும் என்று கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். ஜப்பானில் ஆண்டை முதலில் எழுதுகிறார்கள், அமெரிக்காவில் மாதத்தை. பொருள்களின் பட்டியலில் எடையில் கூடியதே முதலில் வரும் என்ற நடைமுறை மட்டும் பெரும்பாலான நாடுகளுக்குப் பொது. இறக்குமதியாளர் ஒட்டும் சீட்டு அந்தப் பட்டியலையோ தேதியையோ மறைத்திருந்தால், அந்தப் பொட்டலத்தை நான் வாங்குவதில்லை.

ஆகவே, தங்கள் பக்கத்தில் பிறநாட்டுச் செய்முறை வரும்போதெல்லாம் அதன் அருகில் சிறிய கட்டம் ஒன்று இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொட்டலத்தில் உள்ள பெயர் தமிழ் எழுத்தில், அது எதிலிருந்து எப்படிச் செய்தது, அதைப்போலவே தோன்றும் எந்தப் பொருளை வாங்கிவிடக் கூடாது என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்கிறவரிடம் கடைக்காரர்கள் பேசுகிற விதமே வேறாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களில் பலர் அந்தப் பண்டத்தை உண்டு வளர்ந்தவர்கள். எதனுடன் சேர்த்து உண்பது, எவ்வளவு நாள் வைப்பது என்று கேளாமலே சொல்லித் தருவார்கள். டார்ட்டியாவுக்கான குறிப்பைத் தாங்கள் எப்போதாவது வெளியிட்டால், மாசா ஹரீனா என்றே அச்சிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி