நீல விளக்கு எரிகிறது, பட்டை சுடுகிறது: பணத்தைத் திரும்பக் கேட்டு ஒரு புகார்

பெறுநர்:
தலைமை மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சூடு/குளிர் தொடைப் பட்டையில் குளிர் வேலை செய்யாதது, சர்வீஸ் சென்டரின் அலைக்கழிப்பு, முழுத் தொகையையும் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதற்கு முன் நான் அனுப்பிய மெயில்கள் எல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று உடனே பதில் வந்தது, அதன்பின் ஒன்றும் வரவில்லை. அதனால் இந்த முறை நேரடியாக உங்கள் பெயருக்கே எழுதுகிறேன். தயவுசெய்து இதையும் கஸ்டமர் கேருக்குத் தள்ளிவிடாதீர்கள். அங்கே பேசிப் பேசி அலுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நீண்ட தூரம் ஓடிய அன்று தொடைக்குக் குளிர், மறுநாள் பிடிப்பு விடச் சூடு. இரண்டும் ஒரே பட்டையில் கிடைக்கும் என்று சொன்னதை நம்பித்தான் வாங்கினேன். குளிர் மோடில் நீல விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, முதல் ஐந்து நிமிடம் ஜில்லென்று சுகமாக இருக்கிறது. பிறகு ஃபேன் சத்தம் கம்மி, "டிக்" என்று ஒரு ஓசை, அதோடு ஃபேன் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகுதான் கொடுமை. டிஸ்ப்ளேயில் 10 டிகிரி என்றே காட்டிக்கொண்டிருக்கிறது, பட்டையோ சூடாகிக்கொண்டே போகிறது. சமையலறை டிஜிட்டல் தெர்மாமீட்டரின் கம்பியைத் தோலுக்கும் பட்டைக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன்: 37. நான் கட்டணம் செலுத்தியது குளிருக்கு. கிடைத்தது காய்ச்சல்.

இதன் காரணம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடுதான் உள்ளே இருக்கிறது. மின்சாரத்தின் திசையை மாற்றினால் பக்கம் மாறும். அதனால்தான் ஒரே பட்டையில் இரண்டு மோடு. வெளிப்பக்கத்துச் சூட்டை ஃபேன் வெளியேற்றியே ஆக வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்தவருக்கு இது புரியும். ஃபேன் நின்றால் அந்தச் சூடு அப்படியே குளிர்ப் பக்கத்துக்குத் திரும்பும், அதாவது என் தொடைக்கு. இந்தத் தகட்டின் தத்துவத்தைப் பெல்டியர் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் கண்டுபிடித்தது 1834-இல். உங்கள் கஸ்டமர் கேருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஏஜென்ட் ஒருவர் எனக்குச் சொன்ன பதில்: "டிஸ்ப்ளேல 10 காட்டுதுல்ல மேடம், அப்ப 10தான்." டிஸ்ப்ளே காட்டுவது நான் செட் செய்த அளவை, உள்ளே இருக்கும் அளவை அல்ல என்று விளக்கினேன். "சரி மேடம், கட்டுறதுக்கு முன்னாடி பட்டைய ஃப்ரீசர்ல வச்சு எடுங்க" என்றார். ஃபேனும் சர்க்யூட்டும் உள்ள கருவியை ஃப்ரீசரில் வைக்கச் சொல்கிறது உங்கள் கம்பெனி! ஃப்ரீசரில் வைப்பதானால் சாதாரண ஜெல் பேக் போதுமே, இந்த விலைக்கு இது எதற்கு?

அவரையாவது மன்னித்துவிடலாம். அடுத்து பேசியவரை என்னால் மறக்கவே முடியவில்லை. "உடற்பயிற்சி முடிஞ்சு மூணு நாள்ல வலி போச்சா இல்லையா மேடம்?" என்று கேட்டார். போயிற்று என்றேன். "அப்ப மெஷின் வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்" என்றார், ஏதோ என்னை மடக்கிவிட்ட குரலில். பழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் வரும் தசை வலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். பட்டை கட்டினாலும் இறங்கும், கட்டாவிட்டாலும் இறங்கும். நடுவில் இருக்கும் அந்த நாட்களைத் தாங்கத்தானே ஐயா இதை வாங்குகிறோம்? நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்ட கேள்வி: "இந்த வயசுல எதுக்கு மேடம் ஓடுறீங்க? ஓடுறத நிறுத்துனா வலியே வராதே."

என் வயது உங்கள் வாரண்டி கார்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அந்த அழைப்பு பதிவு செய்யப்படும் என்று தொடக்கத்தில் நீங்களே அறிவிக்கிறீர்கள். பதிவை எடுத்துக் கேளுங்கள்.

சர்வீஸ் சென்டர் கதையையும் சொல்லியாக வேண்டும். நேரில் கொண்டு வரச் சொன்னார்கள். மலைப்பாதையில் ஓடிய மறுநாள் அது. அந்த மாதிரி ஓட்டத்தில் தொடையைப் பதம் பார்ப்பது ஏற்றமல்ல, இறக்கம். தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் வரும் வலி. லிஃப்ட் பழுது என்று காகிதம் ஒட்டியிருந்தது. மூன்றாம் மாடிக்குக் கைப்பிடியைப் பிடித்து ஏறினேன், டோக்கன் வாங்கினேன், உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றேன். என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்தவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "அடாப்டர் இல்லாம பாக்க முடியாது" என்றார். அடாப்டரோடு மறுபடி போனேன். "இங்க மசாஜ் கன் மட்டும்தான் மேடம் பாப்போம், பட்டை தலைமை ஆபீசுக்குப் போகணும்." இதை முதல் தடவையே சொல்வதற்கு என்ன? இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உங்கள் கம்பெனியை வாழ்த்திக்கொண்டே இறங்கினேன்.

வீட்டுக்கு வருவதற்குள் போனில் மெசேஜ்: "உங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது. மதிப்பெண் அளிக்கவும்." ஒரு ஸ்டார் கொடுத்தேன். அதற்கு மட்டும் உடனே அழைப்பு வந்தது. யார் என்று நினைக்கிறீர்கள்? அதே வயது விசாரித்த ஆள். "ஏன் மேடம் ஒரு ஸ்டார் போட்டீங்க, என் இன்சென்டிவ் போகுது" என்கிறார்! அவர் இன்சென்டிவ் போனது அவருக்கு வலிக்கிறது. என் பயிற்சி அட்டவணை, என் பந்தயம், என் ஒரு சீசன் முழுக்க நாசமானது யாருக்கும் வலிக்கவில்லை. மாரத்தானின் 42.195 கிலோமீட்டருக்கு உடம்பைத் தயார் செய்வது விளையாட்டல்ல. இனி ஓடுவேனா என்பதே சந்தேகமாகிவிட்டது. அதற்கு முழுப் பொறுப்பும் உங்களுடையதுதான்.

சூட்டு மோடைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இது என் பணத்தைவிடப் பெரிய விஷயம். 20 நிமிடத்தில் தானாக நிற்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. நிற்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்து நான்தான் அணைக்கிறேன். உச்ச அளவு 45 டிகிரி. இந்த லட்சணத்தில் உங்கள் கையேடு "இரவு முழுவதும் கட்டியபடி உறங்கலாம்" என்கிறது. 44 டிகிரியே சில மணி நேரம் தொடர்ந்து தோலில் பட்டால் புண்ணாகிவிடும் என்பது 1940களிலேயே சோதித்து அறியப்பட்டது. நீரிழிவால் கால் மரத்துப்போன ஒருவர் உங்கள் கையேட்டை நம்பித் தூங்கினால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா? சுளுக்கி வீங்கியவுடன் சூடு வைக்கலாம் என்று ஒரு பக்கம் வேறு. என் பிசியோதெரபிஸ்ட் அதைப் படித்துவிட்டுக் கையேட்டை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"குளிர் தசை வளர்ச்சியைத் தூண்டும்" என்ற விளம்பர வரியையும் அவர்தான் சுட்டிக்காட்டினார். 2015-இல் வெளியான ஆய்வில், 12 வாரம் எடைப் பயிற்சி செய்து ஒவ்வொரு முறையும் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் இறங்கியவர்களுக்குத் தசையும் வலுவும் கூடியது குறைவு. லேசாக சைக்கிள் மிதித்து ஆறியவர்களுக்கே அதிகம். குளிர் வலியைத் தணிக்கும், அதை நான் மறுக்கவில்லை, அதற்காகத்தான் வாங்கினேன். தசை வளர்க்கும் என்று சொல்லி விற்காதீர்கள்.

இவ்வளவுக்கும் உங்கள் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. உங்கள் மசாஜ் ரோலரை இன்றும் பயன்படுத்துகிறேன், நன்றாகவே இருக்கிறது. அதனால்தான் முதலில் உங்களிடமே பேசிப் பார்க்கிறேன்.

எனக்கு ரிப்பேர் வேண்டாம். அடுத்த முறை வாங்கத் தள்ளுபடி கூப்பன் வேண்டவே வேண்டாம், அதைப் பேச்சுக்குக்கூட எடுக்காதீர்கள். முழுத் தொகையும் நான் செலுத்திய கணக்குக்கே திரும்ப வர வேண்டும். பட்டையை உங்கள் ஆள் வீட்டுக்கு வந்து எடுத்துப் போகட்டும், நான் இனி மூன்று மாடி ஏற மாட்டேன். கையேட்டில் அந்த இரவு முழுவதும் கட்டும் வரியை நீக்கியதாக எழுத்தில் தெரிவியுங்கள். அந்த ஏஜென்ட் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஸ்டாருக்காக அல்ல.

15 நாட்களுக்குள் உங்களிடமிருந்து, மெஷினிடமிருந்து அல்ல, ஒரு மனிதரிடமிருந்து பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். டிஸ்ப்ளேயில் 10, தெர்மாமீட்டரில் 37, இரண்டும் ஒரே சட்டகத்தில் தெரியும் வீடியோ என்னிடம் இருக்கிறது. பில், வாரண்டி கார்டு, "திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது" மெசேஜ் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். வீடியோவை இப்போதைக்கு இணைக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(புகார் எண்கள் உங்கள் கணினியிலேயே உள்ளன, எல்லாம் "முடிந்தது" என்ற பட்டியலில் தேடவும்)