தம்பிக்கு, மஸ்கட்டிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

ஜனவரியில் நீ ஓமன் வருகிறாய் என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. நீ அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். சுல்தான் காபூஸ் பள்ளிவாசலுக்கு ஒரு காலை, மத்ரா சந்தைக்கு ஒரு மாலை போதும். மால்களை எடுத்துவிடு. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்குகிறவன் நீ. மஸ்கட்டில் எங்கே நின்றாலும் பின்னால் தெரிகிற ஹஜர் மலைக்குள் போகாமல் நீ ஊர் திரும்பினால் எனக்கு மனசு ஆறாது. நம் பிள்ளைகள் வேறு சிலரும் இதையே கேட்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இங்கே பழைய இடம் ஒரு நாள், மலை ஒரு நாள், கடற்கரை ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளாதே. தண்ணீர் போகிற வழியைப் பிடித்துக்கொண்டு போ. ஆண்டு முழுக்க ஓடும் பெரிய ஆறு ஒன்றுகூட இல்லாத நாடு இது. அதனால் எந்தக் காலத்திலும் மனிதர்கள் தண்ணீரை ஒட்டித்தான் இருந்திருக்கிறார்கள். நீ நடக்க வேண்டிய பாதைகளும் அங்கேதான் இருக்கின்றன.

முதலில் பிர்கத் அல் மௌஸ். நிஸ்வாவுக்குக் கொஞ்சம் முன்னால், பேரீச்சந்தோப்பு சூழ்ந்த ஊர். அங்கே ஃபலஜ் அல் கத்மைன் ஓடுகிறது. ஃபலஜ் என்றால் மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சுரங்கம் தோண்டி, சரிவிலேயே ஊருக்குக் கொண்டுவரும் வாய்க்கால். மோட்டாரும் இல்லை, ஏற்றமும் இல்லை. இப்படி ஏறக்குறைய 3,000 வாய்க்கால்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அதில் இதுவும் ஒன்று. வாய்க்கால் ஊருக்குள் நுழையும் இடத்தில் குடிக்க மட்டும்தான் எடுப்பார்கள். பிறகு பள்ளிவாசலுக்கும் குளிக்கும் இடங்களுக்கும், கடைசியாகத்தான் தோப்புக்கு. தோப்பில் யாருக்கு எவ்வளவு நேரம் என்பதைப் பகலில் ஒரு கம்பத்தின் நிழலை வைத்தும் இரவில் நட்சத்திரங்களை வைத்தும் கணக்கிட்டார்கள். நடுராத்திரி அரிக்கேன் விளக்கோடு முறைத் தண்ணீருக்குக் காத்திருந்த அப்பாவோடு வரப்பில் உட்கார்ந்திருந்தவன் நீ. உனக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்த வாய்க்காலில் காலை வைத்துவிடாதே, அவ்வளவுதான்.

அங்கிருந்து மேற்கே பஹ்லா மண்கோட்டையைக் கடந்தால் அல் ஐன். ஒரு சின்ன மேட்டில் வரிசையாக 21 கல்லறைகள், தேன்கூட்டு வடிவத்தில், சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கியவை. பின்னால் ஜபல் மிஷ்த் மலை செங்குத்தாக நிற்கிறது. கி.மு. மூன்றாம் ஆயிரத்தைச் சேர்ந்த கல்லறைகள் இவை. மெசபடோமியாவின் களிமண் பலகைகள் 'மகன்' (Magan) என்ற பெயரில் குறிப்பிடும் செம்பு நாடு இந்தப் பக்கம்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கீழே வாதி என்கிற ஆற்றுப்பள்ளம், அதையொட்டித் தோப்பு, மேட்டில் இறந்தவர்கள். சாயங்கால வெயிலில் போ. மேட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நட. ஓமனில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

மறுநாள் ஜபல் ஷம்ஸ். நாட்டின் மிக உயரமான மலை, ஏறக்குறைய 3,000 மீட்டர். உச்சி ஏற வேண்டாம். அல் கிதைம் கிராமத்திலிருந்து பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டிப் போகும் பாதையில் நட. போக வர நாலு மணி நேரம் வைத்துக்கொள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆயிரம் மீட்டர் அளவுக்குப் பள்ளம். தடுப்புக் கம்பி கிடையாது. பாறைகளில் தீட்டியிருக்கும் வண்ணக் கோடுகளே வழிகாட்டி. பாதை முடியும் இடத்தில் ஆட்கள் விட்டுப்போன ஒரு கிராமம் இருக்கிறது. தொங்கும் பாறைக்கு அடியில் வீடுகள், அதற்குக் கீழே படிப்படியாக வயல்கள். இந்தச் செங்குத்தில் எப்படி விவசாயம் செய்தார்கள் என்று நீ கேட்பாய். கொஞ்சம் மேலே ஏறினால் பாறைக்குள் ஒரு குளம். அதுதான் பதில். இரவில் நம் ஊட்டி மாதிரிக் குளிரும், ஸ்வெட்டர் எடுத்து வா.

கடற்கரைச் சாலையில் திவிக்கு அருகே வாதி ஷாப். சின்னப் படகில் ஏறி அக்கரை சேர்ந்து, முக்கால் மணி நேரம் நடந்து, பிறகு குளம் குளமாக நீந்திப் போக வேண்டும். முடிவில் தலை மட்டும் நுழைகிற ஒரு பாறை இடுக்கு, அதற்குள் அருவி. ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மலைப்பக்கம் மேகம் கருத்திருந்தால் எந்த வாதிக்குள்ளும் இறங்காதே. நீ நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும். இங்கே வருஷா வருஷம் உயிர்கள் போகின்றன. அன்றைக்கு உன்னைத் தடுத்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நாள் மிச்சமிருந்தால் சலாலாவுக்கு விமானத்தில் போவோம். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர், சாலையில் போனால் உடம்பு தாங்காது. வாதி தர்பாத்தின் தண்ணீர் கோர் ரோரி என்ற உப்பங்கழியில் வந்து சேர்கிறது. கழிக்கு மேலே சும்ஹுராம் துறைமுகத்தின் சுவர்கள். கப்பல்களில் சாம்பிராணி ஏற்றி அனுப்பிய ஊர். அங்கே இத்தாலிய அகழாய்வுக் குழுவினர் எடுத்த ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமியில் 'ணந்தை கீரன்' என்று எழுதியிருந்தது, கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்கிறார்கள். கீரன் வணிகனா, கப்பலில் வந்தவனா, அவன் பானை மட்டும் வந்ததா, எதுவும் தெரியாது. ஆனால் நமக்கு மழை கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் சலாலா மலையையும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பச்சையாக்குகிறது, இந்தக் கடலில் கப்பல்களையும் ஓட்டியது. அந்தப் பச்சை ஜனவரியில் இருக்காது. கழியும் சுவரும் இருக்கும்.

கிராமங்களில் முழங்கால் மறைய உடுத்து. பிடிமானமுள்ள ஷூ ஒன்று, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பு ஒன்று கொண்டு வா. பிர்கத் அல் மௌஸுக்கு மேலே இருக்கும் ஜபல் அக்தர் மலைக்கும் போக ஆசைப்பட்டால், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாவிட்டால் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்த வண்டியை நான் ஏற்பாடு செய்கிறேன். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா