மாடிப்படிக்குப் பொலிஷ் பூச முன் ஆட்டத்தை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வீட்டைப் புதுப்பிப்பது நம் வழக்கம். திருகோணமலையில் தீபாவளி மாரி தொடங்கும் வேளையிலும், பொங்கல் மாரி முற்றாக ஓயும் முன்னரும் வருகின்றன. மர மாடிப்படிக்கும் கைபிடிக்கும் வார்னிஷ் பூச ஆள் தேடுவதும் அந்த மாதங்களில்தான். வருடத்தில் அந்த வேலைக்கு மிகவும் பொருந்தாத காலம் அது. மரவேலையோடு தொடர்புடையவர்கள் என்ற முறையில், இதற்கு ஆள் பிடிக்கும்போது கவனிக்க வேண்டியவற்றை உங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறோம்.

"படி முழுக்கப் பொலிஷ் பண்ண எவ்வளவு?" என்று கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறோம். பிழை அங்கேயே ஆரம்பிக்கிறது. மொத்தக் கூலி பேசியதும், ஆடும் தூணும் உக்கிய பலகையும் பூச்சுக்குள் மறைந்துவிடுகின்றன. பூச்சுக்கு விலை கேட்கும் முன் ஆட்டத்தையும் உக்கலையும் பார்த்துச் சொல்லக்கூடிய தச்சர் ஒருவர் வேண்டும். பொலிஷ் வேலையில் கைதேர்ந்தவர் நல்ல தச்சராகவும் இருப்பார் என்று எண்ண வேண்டாம். இரண்டும் வெவ்வேறு கைத்தொழில்.

மிதிக்கும்போது படி கிறீச்சிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் படியின் அடிப்பக்கத்தில் இருக்கும். மிதிபலகையைப் பக்கச் சட்டத்தில் வெட்டிய காடி எனும் பள்ளத்தில் இறுக்கி வைத்திருப்பவை ஆப்புகள். கச்சான் எனும் வறண்ட மேல்காற்று வீசும் காலத்தில் மரம் காய்ந்து சுருங்க, ஆப்பு தளரும், பழைய பசை விடும், பலகை இரு படிக்கிடையே நிமிர்ந்து நிற்கும் குத்துப்பலகையோடு உரசும். மேலிருந்து ஆணி அறைந்தால் சில மாதம் சத்தம் நிற்கும். பிறகு மரம் ஒவ்வொரு பருவமும் விரிந்து சுருங்க ஆணித்துளை பெருத்து, ஆணியின் தலை மேலே எழும்பும். கீழிருந்து செய்வதே சரியான முறை. பழைய பசையைச் சுரண்டி, ஆப்பைக் கழற்றிப் புதுப் பசையோடு மீண்டும் அடித்து, மிதிபலகையும் குத்துப்பலகையும் சேரும் உள்மூலையில் மூன்று மூலைக்கட்டைகளை ஒட்ட வேண்டும். அடிப்பக்கம் சீலிங் போட்டு மூடியிருந்தால் மேலிருந்து திருகாணி போடலாம். 8ஆம் இலக்கம், 2 அங்குல நீளம் போதும். பாலை, முதிரை போன்ற வைரமான மரத்தில் முதலில் 3 மில்லிமீற்றர் துளை போடாவிட்டால் பலகை வெடிக்கும், இல்லையேல் திருகாணியின் கழுத்து முறியும். தலையை உள்ளே இறக்கி, அதே மரத்தில் சீவிய முளையை நார் ஓடும் திசை பார்த்து அடித்துச் சமப்படுத்த வேண்டும்.

கைபிடி ஆடினால் எல்லோரும் முதலில் கைபிடியைத் தாங்கும் கடைசல் கால்களையே பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது படியின் அடியில் கைபிடி வந்து சேரும் அடித்தூணை. அது அரை அங்குலம் அசைந்தாலும் முழுக் கைபிடியும் ஆடும். தூணைப் பக்கச் சட்டத்தோடு ஆணியால் பிடிப்பது வீண்வேலை. 10 மில்லிமீற்றர் போல்ற் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக ஊடுருவ விட்டு, வாஷருடன் நட் இறுக்க வேண்டும். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. சீமெந்துத் தரையை வாளியால் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீடுகளில் தூணின் அடி தண்ணீரை உறிஞ்சி உள்ளுக்குள் உக்கிவிடும். வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும். ஸ்குறூ டிரைவரால் குத்தினால் கால் அங்குலத்துக்கு மேல் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் உக்கியது முழுவதையும் வெட்டி எடுத்துப் புதுத்துண்டு பொருத்தி, தரையிலிருந்து சற்று உயர்த்தி, துருப்பிடியாத தகட்டின் மேல் நிறுத்த வேண்டும். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைப்பவருக்கு வேலை கொடுக்காதீர்கள். உக்கிய மரத்தில் எந்த அடைப்பும் பிடித்து நிற்காது.

முதல் படி தரையைத் தொடும் இடத்தில் கறையான் மண்குழாய் தெரிந்தால் பூச்சைப் பற்றி அப்போதைக்குப் பேசவே வேண்டாம். மண்ணுக்கும் அத்திவாரத்துக்கும் கறையான் மருந்து அடித்து முடித்த பிறகே மரத்தைத் தொட வேண்டும். மண்ணெண்ணெயும் பாவித்த என்ஜின் எண்ணெயும் ஊற்றுவது நம்மூரில் பழகிப்போன ஒன்று. அந்த எண்ணெய் ஊறிய மரத்தில் வார்னிஷ் பிடிக்காது, பாலாடை போலச் சுருண்டு உரியும்.

பலகை மாற்ற வேண்டி வந்தால் அதே இன மரத்தையே கேளுங்கள். பழைய வீடுகளில் தேக்கு, முதிரை, பாலை, சாவண்டலை எல்லாம் உண்டு. சாவண்டலை வெளிநாட்டு மரச் சந்தையில் திருகோணமலை மரம் என்றே பெயர் பெற்றது. சென்னைக் கரையில் அலையைத் தாண்டி ஆளும் சரக்கும் ஏற்றிய மசூலாப் படகுகளுக்கும் போன மரம் அது. அதை எடுத்தெறிந்துவிட்டு ஈரம் காயாத மலிவுப் பலகையை வைப்பது பெரும் நட்டம். புதுப்பலகையின் ஈரப்பதன் 15 வீதத்துக்கு மேல் இருந்தால் கச்சானில் வளையும். ஈரமானியை வைத்துப் பார்க்கும் தச்சர் கிடைத்தால் விடாதீர்கள். காட்டு மரங்களைக் கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரம் தேவை என்பதால், பற்றுச்சீட்டோடு வாங்குவதே பாதுகாப்பு. தேய்ந்த படிகளின் மேல் முக்கால் அங்குலப் பலகையை ஒட்டித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் முதல் படி முக்கால் அங்குலம் உயரும், கடைசிப் படி அதே அளவு குறையும். படிகளுக்கிடையே உயர வித்தியாசம் கால் அங்குலத்தைத் தாண்டினாலே வயோதிபர்களுக்குக் கால் தடுக்கும்.

டச்சு விரிகுடாவிலோ உப்புவெளியிலோ கடலை அண்டிய வீடென்றால் சாதாரண இரும்பு ஆணியே வேண்டாம். உப்புக்காற்றில் அது துருப்பிடிப்பதோடு, மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுப்புக் கறையையும் விடும். பித்தளை அல்லது 316 தரத் துருப்பிடியா உருக்கு என்று கேட்டு வாங்குங்கள். 304 கடற்கரைக்குப் போதாது. ஏற்கனவே படிந்த கறுப்புக் கறையை ஒக்சாலிக் அமிலக் கரைசல் எடுக்கும். கையுறை போட்டுப் பூசி, நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும்.

இனிப் பூச்சு. அரக்கால் செய்யும் பிரெஞ்சு பொலிஷ் அலுமாரிக்கு அழகுதான், மிதிக்கும் பலகைக்கு ஆகாது. ஈரக்கால் பட்டாலே வெள்ளையாகும். மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலருக்கு மேல் லக்கர் விசிறுவது விரைவில் முடியும் வேலை என்பதால் பலரும் அதையே சொல்வார்கள். படியில் அது சில்லுச் சில்லாகப் பெயரும். மழைநாளில் அடித்தால் ஈரத்தை இழுத்துப் பனி படர்ந்ததுபோல வெளிறும். படிக்கு எண்ணெய் கலந்த பொலியுரித்தேன் வார்னிஷ், அதுவும் பளபளப்புக் குறைந்த வகை, மூன்று பூச்சு. கைபிடிக்கு இரண்டு போதும். அரத்தாள் சொரசொரப்பான 80ஆம் இலக்கத்தில் தொடங்கி 120, 180 என்று போக வேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டினால் 80இன் கீறல்கள் வார்னிஷின் கீழ் வரிவரியாகத் தெரியும். பூச்சுகளுக்கிடையே 240ஆல் மெதுவாகத் தேய்த்துத் தூசி துடைக்க வேண்டும். தேக்கு எண்ணெய்ப்பசையுள்ள மரம், பூச முன் தின்னரால் துடைக்காவிட்டால் வார்னிஷ் காயாமல் பிசுபிசுக்கும். பழைய எனாமல் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள், தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அன்று வேறு வீட்டில் விடுங்கள்.

மாசி கடைசியிலிருந்து ஆவணி வரை இதற்குப் பொருத்தமான காலம். கச்சான் அடிக்கும் நாளில் தூசி வந்து ஒட்டும் என்பதால் காலையிலேயே பூசி, மேற்குப் பக்க யன்னல்களைச் சாத்தி, எதிர்ப்பக்க யன்னல்களைத் திறந்துவிட வேண்டும். கச்சானில் தெரியும் சிறு இடைவெளிகளைக் கடினமான புட்டியால் இறுக்கி அடைக்கக் கூடாது. மாரியில் மரம் விரியும்போது அந்தப் புட்டி பிதுங்கி வெளியே வரும்.

பொருள் கணக்கை நீங்களே போடலாம். 3 அடி அகலமும் 10 அங்குல மிதியும் 7 அங்குல உயரமும் உள்ள படி ஒன்று ஏறத்தாழ 4¼ சதுர அடி. 14 படிக்கு 60. பக்கச் சட்டமும் கைபிடியும் சேர்ந்தால் 110 வரை வரும். ஒரு லீற்றர் வார்னிஷ் ஒரு பூச்சுக்கு அந்த அளவுக்குப் போதும். ஆகவே மூன்றரை லீற்றருக்கு மேல் கேட்டால் காரணம் கேளுங்கள். ஒன்றரை லீற்றரில் முடிப்பதாகச் சொன்னால், தின்னரை அதிகம் கலக்கப் போகிறார் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

பழுது, பலகை, பூச்சு மூன்றுக்கும் தனித்தனி விலை எழுதி வாங்குங்கள். மரத்தின் பெயர், ஆணியின் தரம், பூச்சின் எண்ணிக்கை, வார்னிஷின் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். பழுது முடிந்து நீங்கள் ஏறிப் பார்த்த பிறகே பூச்சுக்கான பணம். மாடியில் ஆட்கள் இருந்தால், ஒருநாள் ஒற்றைப்படை எண் படிகளும் மறுநாள் இரட்டைப்படை எண் படிகளும் என்று பூசச் சொல்லலாம். கடைசிப் பூச்சுக்கு 24 மணித்தியாலம் கழித்து வெறுங்காலோடு ஏறலாம், பாரமான சாமான் ஏற்ற ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் போகும் பழக்கத்தைக் கண்டால் உடனே தடுங்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர வாளியில் போட வேண்டும்.

வேலையை ஏற்கும் நாளில் அடித்தூணின் உச்சியைப் பிடித்து இரு பக்கமும் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு படியின் இரு ஓரங்களிலும் நடுவிலும் மிதியுங்கள். கடைசல் கால்களுக்கிடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் தலை நுழையும், அங்கே இன்னொரு கால் சேர்க்கச் சொல்லுங்கள். இரவில் டோர்ச் வெளிச்சத்தைப் பலகைக்குச் சாய்வாகப் பிடித்தால் தேய்ப்புக் கீறலும் பூச்சு விடுபட்ட இடமும் தெரியும். நம் மாவட்டத்தில் மரவேலை கற்பிக்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் பழைய படி திருத்துவதையும் பூச்சு வேலையையும் தனிப் பாடமாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மேசை நாற்காலி செய்யத் தெரிந்த இளைஞர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். ஆடும் அடித்தூணைக் கழற்றித் திரும்பப் பூட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் தட்டுப்பாடு.

இப்படிக்கு,
மரவேலைத் துறை சார்ந்த வாசகர்கள்,
திருகோணமலை.