தொங்கும் கைக்கு ஒரு கெடு உண்டு: விபத்துப் பிரிவு மருத்துவர்களுக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய விபத்துப் பிரிவு மற்றும் எலும்பு முறிவுப் பிரிவு மருத்துவர்களுக்கும், தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

சென்னை – திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் ஊரில் இயன்முறை மருத்துவராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். இரு சக்கர வாகன விபத்தில் சிக்கி, உயிர் பிழைத்து, கால் எலும்புக்குக் கம்பி வைத்து, தலைக்காயமும் ஆறி, வீடு திரும்பிய பிறகும் ஒரு கை மட்டும் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும் இளைஞர்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவர்களில் பலர் என்னிடம் வந்து சேரும்போது விபத்து நடந்து ஓராண்டு கடந்திருக்கிறது. இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "நரம்புதான் மேடம், தானா வந்துடும், பொறுத்துப் பாருங்கன்னு சொன்னாங்க" என்கிறார்கள். அந்தப் பொறுத்திருத்தலைப் பற்றித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

தோளையும் கையையும் அசைக்கும் நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்களாகப் புறப்படுகின்றன. மருத்துவ மொழியில் அவை சி5, சி6, சி7, சி8, டி1. காறை எலும்புக்குப் பின்புறம் அவை ஒன்றோடொன்று இணைந்தும் பிரிந்தும் பின்னி, அக்குளைத் தாண்டும்போது கையின் பெரிய நரம்புகளாகப் பிரிகின்றன. இந்தப் பின்னலைத்தான் பிராக்கியல் பிளெக்ஸஸ் என்கிறோம். மேல் வேர்கள் இரண்டும் தோளைத் தூக்கவும் முழங்கையை மடக்கவும் உதவுகின்றன. நடுவேரின் வேலை பெரும்பாலும் முழங்கையையும் மணிக்கட்டையும் விரல்களையும் நீட்டுவது. கீழ்வேர்கள் இரண்டும் விரல்களை மடக்கவும், பேனா பிடிக்கவும், பொத்தான் போடவும் தேவையான சிறு தசைகளை இயக்குகின்றன. ஆகவே எந்த அசைவு போயிருக்கிறது என்று பார்த்தாலே எந்த வேர் அடிபட்டிருக்கிறது என்பதைப் பெருமளவு ஊகித்துவிடலாம். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

வண்டியிலிருந்து தூக்கி எறியப்படுபவர் பெரும்பாலும் தோள் தரையில் மோதியே விழுகிறார். தோள் கீழ்ப்பக்கமாக அழுத்தப்பட, தலை எதிர்ப்பக்கம் சாய, இரண்டுக்கும் நடுவிலுள்ள நரம்புகள் கயிறுபோல் இழுபடுகின்றன. அந்த இழுப்பு குறைவாக இருந்தால் நரம்பு அதிர்ச்சியோடு தப்பிவிடும். கூடினால் இழைகள் அறுபடும். மிகக் கடுமையாக இருந்தால் வேரே தண்டுவடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

நரம்புக் காயங்களை 1943ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் செடன் என்ற ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை நிபுணர் மூன்று வகைகளாகப் பிரித்தார். முதல் வகையில் நரம்பு இழை அறுபடுவதில்லை, செய்தி கடத்துவது மட்டும் தற்காலிகமாக நின்றுபோகிறது. சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதங்களுக்குள், அசைவு தானாகவே திரும்பிவிடும். இரண்டாவது வகையில் உள்ளிழைகள் அறுந்திருந்தாலும் அவற்றைச் சுற்றியுள்ள குழாய் போன்ற உறை தப்பியிருக்கும்; அந்தக் குழாயின் வழியே இழை மீண்டும் வளர்ந்து தசையை அடைய வேண்டும். மூன்றாவது வகையில் நரம்பு முழுவதுமாக அறுந்திருக்கும். வேரோடு பிடுங்கப்பட்ட நரம்பும் இதைப் போன்றதே. எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாலும் அது தானாக ஒட்டாது. விபத்து நடந்த அன்று இந்த மூன்று கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது என்பதுதான் இதிலுள்ள பெரிய துயரம். மூன்றும் ஒன்றுபோலவே தொங்கும். "தானா வந்துடும்" என்ற சொல் முதல் வகையினருக்கு முழு உண்மை. மூன்றாவது வகையினரிடம் அதே சொல்லைச் சொன்னால், அவர்களுக்கு இருந்த ஒரே வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது.

வாய்ப்பு போய்விடுகிறது என்று ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இது வெறும் தூரக் கணக்கு. வளரும் நரம்பிழை ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் முன்னேறுகிறது. கழுத்தடியில் அடிபட்ட நரம்பு முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசையை அடைய 20 முதல் 25 சென்டிமீட்டர் வளர வேண்டும் என்று கொண்டால், அதற்கே ஏறத்தாழ ஏழு முதல் எட்டு மாதங்கள் ஆகும். விரல்களின் சிறு தசைகளுக்கு 70 சென்டிமீட்டர் என்றால் இரண்டு ஆண்டுகள். நரம்பு வந்து சேரும்வரை தசை அப்படியே காத்திருக்காது. செய்தி வராத தசை வாரந்தோறும் சுருங்குகிறது. நரம்பும் தசையும் சந்திக்கும் முனைகள் சிதைகின்றன. ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டுக்குள், தசை இருந்த இடத்தில் நாரும் கொழுப்பும்தான் மிஞ்சும். அதன்பின் நரம்பு வந்து தொட்டாலும் இயங்குவதற்கு அங்கே தசை இருக்காது. இந்தக் காரணத்தால்தான் நரம்பு அறுவைச் சிகிச்சையை விபத்து நடந்து மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் செய்ய வேண்டும் என்று கை அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் வலியுறுத்துகிறார்கள்.

வேரே பிடுங்கப்பட்ட பிறகு என்ன செய்துவிட முடியும் என்று கேட்கும் மருத்துவ நண்பர்களும் உண்டு. அவர்களுக்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். 1994ஆம் ஆண்டில் கிறிஸ்டோஃப் ஒபெர்லின் என்ற பிரெஞ்சு அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒரு வழியை விவரித்தார். மேல் வேர்கள் மட்டும் போய், கைவிரல்கள் இயங்கும் நோயாளியிடம், விரல்களுக்குச் செல்லும் அல்னார் நரம்பின் ஓர் இழைக்கட்டை மேற்கையிலேயே பிரித்தெடுத்து, பைசெப்ஸ் தசைக்குள் நுழையும் நரம்புக் கிளையோடு இணைத்துவிடுகிறார்கள். கழுத்திலிருந்து வர வேண்டிய தூரம் சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. சில மாதங்களில் தசை துடிக்கத் தொடங்குகிறது. எடுத்த இழையால் விரல்களின் வலிமையும் பொதுவாகக் குறைவதில்லை. இதே முறையில், தோளை உயர்த்தக் கழுத்தோரத்து அக்சஸரி நரம்பின் கிளையைப் பயன்படுத்துகிறார்கள். ஐந்து வேர்களும் போனவர்களுக்கு விலா எலும்புகளுக்கிடையே ஓடும் நரம்புகளைக் கொண்டுவந்து பைசெப்ஸில் இணைக்கிறார்கள். அப்படி அறுவை முடிந்த ஒருவர் ஆழமாக மூச்சை இழுத்தபோது அவருடைய முழங்கை மெல்ல மடங்கியதை முதன்முறை பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மூச்சு விடும் நரம்பு கையை மடக்குகிறது என்பதை மூளை முதலில் ஒரு தந்திரமாகக் கற்கிறது. மாதக்கணக்கான பயிற்சிக்குப் பிறகு, மூச்சைப் பற்றி நினைக்காமலேயே சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்க அந்தக் கை மடங்குகிறது. இத்தனையும் தசை உயிரோடு இருக்கும்போது செய்தால் மட்டுமே நடக்கும்.

கெடு கடந்து வருபவர்களுக்கு எதுவுமே இல்லை என்று சொல்லமாட்டேன். தொடையிலிருந்து ஒரு தசையை இரத்தக் குழாயோடும் நரம்போடும் எடுத்துக் கையில் பொருத்தலாம். நன்றாக இயங்கும் ஒரு தசையை எலும்போடு இணைக்கும் நாணை இடம் மாற்றி, செயலிழந்த அசைவை மீட்கலாம். நாண் மாற்று அறுவை நம் மண்ணுக்குப் புதியதும் அன்று: கொல்லிமலையில் பிறந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட் 1940களின் பிற்பகுதியில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் நரம்பு செயலிழந்து மடங்கிப்போன விரல்களை இம்முறையில்தான் நிமிர்த்தினார். ஆனால் இவை பெரிய அறுவைகள், அல்லது குறைவான பலன் தருபவை. ஆறாவது வாரத்திலேயே அனுப்பியிருக்கக்கூடிய ஒருவரைப் பதினைந்தாவது மாதத்தில் இவற்றுக்கு அனுப்பும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

நான் கேட்பது உயிர் காக்கும் அவசரத்தின் நடுவே செய்ய வேண்டிய ஒன்று அன்று. மூச்சும் இரத்த ஓட்டமும் தலைக்காயமும்தான் முதலில். நோயாளி கண் விழித்துப் பேசத் தொடங்கிய பிறகு, வார்டில், இரண்டே நிமிடங்கள் போதும். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லுங்கள். முழங்கையை மடக்கவும் நீட்டவும் சொல்லுங்கள். மணிக்கட்டை நிமிர்த்தச் சொல்லுங்கள். விரல்களை மடக்கவும் அகட்டவும் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் வழக்கமான 0 (அசைவே இல்லை) முதல் 5 (முழு வலிமை) வரையிலான மதிப்பை எழுதுங்கள். தோளும் காலும் கட்டுப்போட்டிருப்பதால் எலும்பு வலியே காரணம் என்று எண்ணிவிடுவது மிக எளிது. வலியால் அசைக்காத கைக்கும் அசைக்க இயலாத கைக்கும் உள்ள வேறுபாடு கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். அடிபட்ட பக்கத்துக் கண்ணிமை சற்றுத் தாழ்ந்து, கண்பாவை சுருங்கியிருந்தால், தண்டுவடத்தை ஒட்டியே டி1 வேர் பிடுங்கப்பட்டிருக்கக்கூடும் என்பதற்கு அது வலுவான அறிகுறி. உணர்வே இல்லாத கையில் தீயில் வைத்ததுபோல் எரிகிறது என்று நோயாளி சொன்னால், தயவுசெய்து அதை மனப்பிரமை என்று ஒதுக்காதீர்கள். அதுவும் வேர் பிடுங்கப்பட்டதற்கான குரல்தான்.

மூன்று நான்கு வாரங்களில் செய்யும் நரம்பு மின்பரிசோதனையின் அறிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மரத்துப்போன விரலின் உணர்வு நரம்பு நன்றாகவே கடத்துகிறது என்று அறிக்கையில் வந்தால், அதைப் படித்துக் குடும்பமே மகிழ்ச்சியடைகிறது. உண்மையில் அது கெட்ட செய்தி. உணர்வு நரம்பின் செல்கள் தண்டுவடத்துக்கு வெளியே ஒரு முடிச்சில் இருக்கின்றன. அந்த முடிச்சுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே அறுந்திருந்தால், கையிலுள்ள நரம்பு உயிரோடு கடத்திக்கொண்டிருக்கும், ஆனால் செய்தி மூளைக்குப் போகாது. இதைக் குடும்பத்தாருக்கு யாராவது விளக்கிச் சொல்ல வேண்டும்.

என் துறையைச் சேர்ந்தவர்களையும் இதில் விட்டுவிட மாட்டேன். மக்கள் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்லும் மின் தூண்டல் சிகிச்சையை மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கும் நிலையங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. தொடக்க காலத்தில் நானும் கொடுத்திருக்கிறேன். மின்சாரம் பாயும்போது தசை துள்ளுவதைப் பார்த்து நோயாளி நரம்பு வந்துவிட்டது என்று நம்புகிறார். துள்ளுவது மின்சாரம் நேரடியாகத் தசையைத் தொடுவதால்தான். அந்த நம்பிக்கையோடு கழிந்த மாதங்களை எவராலும் திருப்பித் தர முடியாது. காத்திருக்கும் காலத்தில் எங்களுடைய உண்மையான வேலை வேறு: தோளும் விரல் மூட்டுகளும் இறுகிவிடாமல் நாள்தோறும் அசைத்துவிடுவது, தோள் மூட்டு நழுவாமல் தொங்குபட்டையில் தாங்கிப் பிடிப்பது, உணர்வில்லாத கை வண்டியின் சைலன்சரிலோ அடுப்பிலோ பட்டு வெந்துவிடாமல் பார்த்துக்கொள்ளக் கற்றுத் தருவது, தசை எதுவும் திரும்பாவிட்டால் தேதி தவறாமல் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்புவது.

விபத்து ஒன்றே காரணம் என்று எண்ண வேண்டாம். கழுத்தில் நெறிக்கட்டியைச் சோதனைக்கு எடுக்கும்போது அக்சஸரி நரம்பு வெட்டுப்பட்டுத் தோள் சரிந்தவர்களும், மேற்கை எலும்பு முறிந்து ரேடியல் நரம்பு அடிபட்டு மணிக்கட்டு தொங்கியவர்களும், பிரசவத்தில் தோள் சிக்கியதால் ஒரு கையை அசைக்காத பச்சிளம் குழந்தைகளும் இதே கெடுவுக்கு உட்பட்டவர்கள்தாம். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியும் முழங்கை மடங்கவில்லை என்றால், அதற்கு மேலும் பொறுத்திருக்கச் சொல்லாதீர்கள்.

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு என் வேண்டுகோள் இது. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டம் விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரத்தைக் காக்கிறது. அதனால் உயிர் பிழைத்தவர்களைத்தான் நானும் பார்க்கிறேன், அதற்காக நன்றியுடையவளாக இருக்கிறேன். நரம்பின் கெடு மாதங்களில் அளக்கப்படுவது. ஆகவே அத்திட்டத்தில் வரும் ஒவ்வொரு நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் கை அசைவுக்கென ஒரு வரியைக் கட்டாயமாக்குங்கள். அதே ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் இயன்முறை மருத்துவர்களுக்கு, தொங்கும் கையைக் கண்டால் விபத்து நாளைக் கேட்டு எழுதவும், ஆறு வாரமாகியும் தோளோ முழங்கையோ அசையாதவர்களை மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கவும் பயிற்சி கொடுங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. கோயம்புத்தூரிலும் வேலூரிலும் பெயர் பெற்ற நிபுணர்கள் இருக்கிறார்கள். நம் மாநிலத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை. ஊருக்கும் அந்த அறுவை அரங்குக்கும் நடுவே நோயாளி தொலைந்துபோகிறார் என்பதுதான் குறை.

அந்த வரி இப்படி இருந்தால் போதும்: "வலது கை. பக்கவாட்டில் தூக்கல் 0, முழங்கை மடக்கல் 0, நீட்டல் 3, மணிக்கட்டு நிமிர்த்தல் 2, விரல் மடக்கல் 4, விரல் அகட்டல் 4. விபத்து நாள் இது. நான்காம் வாரத்தில் நரம்பு மின்பரிசோதனை. ஆறாம் வாரத்தில் மறு பரிசோதனை. மாற்றம் இல்லையெனில் இந்தத் தேதிக்குள் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு." இந்தத் தாளோடு எங்களிடம் வருபவரை அந்தத் தேதிக்கு முன்பே பேருந்தில் ஏற்றிவிடுவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
நெடுஞ்சாலையோரத்து ஊரிலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர்