காப்பை அடகு வைக்க வேண்டாம் அம்மா

குரொய்டன், லண்டன்
2025 செப்டெம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கால் வீக்கம் குறைந்ததா?

நான் வீடில்லாமல் நிற்கப்போகிறேன் என்று கல்யாண வீட்டில் யாரோ சொன்னதைக் கேட்டு, நீங்கள் காப்பை எடுத்துக்கொண்டு செட்டியார் தெருவுக்குப் புறப்பட்டதாகத் தம்பி போனில் சொன்னான். வேண்டாம் அம்மா. வீடு கிடைத்துவிட்டது. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன், வாசித்துவிட்டு நிம்மதியாகப் படுங்கள்.

இவருக்கு வேலை இல்லாத காலத்தில் கிரெடிட் கார்டில்தான் வீடு ஓடியது, உங்களுக்குத் தெரியும். கார்டுகள் என் பெயரில் இருந்ததால், இப்போது நான்தான் ஐ.வி.ஏ. என்ற ஏற்பாட்டில் கடனைக் கட்டி வருகிறேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இங்குள்ள 1986ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் உள்ள வழி அது. லைசென்ஸ் உள்ள ஒருவர் நம் வரவு செலவைப் பார்த்து, மாதம் எவ்வளவு கட்டலாம் என்று கணக்குப் போடுவார். கடன் தந்தவர்களில் வாக்களிப்பவர்கள், கடன் தொகைப்படி 75 வீதம் சம்மதித்தால் போதும், மற்றவர்களும் கட்டுப்பட வேண்டும். வழமையாக ஐந்து வருஷம். ஒழுங்காகக் கட்டி முடித்தால் அதற்குள் அடங்கிய மிச்சக் கடன் கழிந்துவிடும்.

ஆனால் பெயர் அரசாங்கப் பதிவேட்டில் இருக்கும், யாரும் பார்க்கலாம். நம் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையிலும், ஐ.வி.ஏ. தொடங்கிய நாளிலிருந்து ஆறு வருஷம் அது நிற்கும். இருந்த வீட்டை உரிமையாளர் விற்கப் போவதாக நோட்டீஸ் தந்தபோது அதுதான் குறுக்கே வந்தது. அங்கே கொழும்பில் வெள்ளவத்தை என்றால் புரோக்கரைப் பிடித்து, ஆறு மாதமோ ஒரு வருஷமோ அட்வான்ஸ் கொடுத்தால் வீடு கிடைக்கும், கிரிப் ரிப்போர்ட் என்கிற அங்கத்தைய கடன் அறிக்கையை யாரும் கேட்பதில்லை. சண்டைக் காலத்தில் பொலிஸ் பதிவுக்காக நாம் அலைந்தது வேறு கதை. இங்கே முதலில் பார்ப்பதே கடன் அறிக்கையைத்தான். ஒரு ஏஜென்சியில் ஐ.வி.ஏ. என்றதும் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். 9,000 பவுண்ஸ்! மிஞ்சுகிற காசு எல்லாம் கடனுக்குப் போகிறவளிடம் அது எப்படி இருக்கும்?

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. வாடகையை ஒதுக்கி வைத்த பிறகு மிஞ்சுவதைத்தான் கடனுக்கு எடுக்கிறார்கள். சம்பளச் சிட்டையை வருஷா வருஷம் வாங்கிப் பார்க்கிறார்கள். இப்படிக் கணக்கோடு இருக்கிற குடும்பத்தை நம்ப முடியாது என்றால் யாரைத்தான் நம்புவது?

கடைசியில் தமிழ்க் கடையில் ஒட்டியிருந்த துண்டில் இருந்த நம்பருக்கு எடுத்தேன். உரிமையாளர் உகண்டாவிலிருந்து வந்த ஒரு குஜராத்தி அம்மா. வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே ஐ.வி.ஏ. பற்றிச் சொல்லிவிட்டேன். படிவம் நிரப்பும்போது எப்படியும் வெளியே வரும், அப்போது பொய்க்காரியாக நிற்க முடியாது. வங்கிக் கணக்குத் தாள்கள், பழைய உரிமையாளரின் கடிதம், தவணை தவறாமல் கட்டுகிறேன் என்று என் ஐ.வி.ஏ.வைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் தந்த கடிதம், எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாடகை போன வரிகளை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுத் தாள் தாளாகப் பார்த்தார். பிறகு, "பிணைக்கு யார்?" என்று கேட்டார். சித்தப்பாவின் மூத்த மகன் கையெழுத்து வைத்தார். நான் வாடகை கட்டாவிட்டால் அவர் கட்ட வேண்டும் அம்மா, சும்மா கையெழுத்து இல்லை. அவருக்கு ஒரு போன் எடுத்துப் பேசுங்கள்.

வாடகை 1,500. பழையதைவிட 150 கூட. மேற்பார்வையாளருக்கு அறிவித்துவிட்டேன், தவணையைத் திரும்பக் கணக்குப் பார்க்கிறார். இங்கே வைப்புப் பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, 1,730 தான் வந்தது. அதையும் உரிமையாளர் தன் பையில் வைத்திருக்க முடியாது, 30 நாளுக்குள் அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பழைய வீட்டு வைப்புப் பணம் வெளியேறிய பிறகுதான் வரும் என்பதால், இவர் சம்பளத்தில் சேர்த்ததை எடுத்துக் கட்டினோம். 500 பவுண்சுக்கு மேல் கடன் வாங்குவதென்றால் நான் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். அதனால் அங்கே யாரிடமும் எனக்காகக் கைமாற்றுக் கேட்காதீர்கள்.

வீடு மாடியில், இரண்டு அறை. பின்னறை ஜன்னல் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. சுத்தம் செய்து தருவதாக எழுதித் தந்திருக்கிறார், நாங்களும் படம் எடுத்து வைத்திருக்கிறோம். குசினி நல்ல வெளிச்சம். புகையை வெளியே இழுக்கிற விசிறி வேலை செய்கிறது, பயமில்லாமல் தாளிக்கலாம்.

அடுத்த மாதம் முதலாம் திகதி குடிபோகிறோம். புது முகவரியைத் தம்பியின் போனுக்கு அனுப்புகிறேன், பழையதற்கு இனி ஒன்றும் போடவேண்டாம். டிசம்பரில் மாமி வரும்போது மிளகாய்த்தூளும் கொஞ்சம் ஒடியல் மாவும் கொடுத்துவிடுங்கள்.

அன்பு மகள்