முதலில் பேராளர் பட்டியலைப் பூட்டுங்கள்

தேசிய விளையாட்டுச் சங்கங்களின் பொதுக்கூட்டத்துக்குப் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் போகும் பேராளர்களுக்கு வணக்கம்.

தலைவராக யார் வரவேண்டும் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. யாரெல்லாம் வாக்களிக்கலாம் என்ற பட்டியலைப் பற்றி எழுதுகிறோம். வாக்கு மண்டபத்தில் விழுந்தாலும், முடிவு பல நேரம் அந்தப் பட்டியல் தயாராகும் வாரத்திலேயே ஆகிவிடுகிறது.

ஹாக்கியோ கபடியோ, பினாங்கின் பிறை நகரில் ஒரு கிளப்புக்கு விளையாடும் பெண்ணுக்குத் தேசியச் சங்கத்தில் பொதுவாக நேரடி வாக்கு இல்லை. கிளப் மாநிலச் சங்கத்தில் வாக்களிக்கும். மாநிலச் சங்கம் பேராளர்களைக் கோலாலம்பூருக்கு அனுப்பும். 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தபின் விளையாட்டுச் சங்கங்களின் பதிவு, சங்கப் பதிவகத்திடமிருந்து விளையாட்டு ஆணையரிடம் போனது. ஆனால் எந்த இணைப்புக்கு, அதாவது தேசியச் சங்கத்தில் இணைந்த மாநிலச் சங்கத்துக்கு, எத்தனை வாக்கு என்பதை இன்றும் அந்தந்தச் சங்கத்தின் சட்டவிதிதான் சொல்கிறது. அதைக் கையில் எடுத்து, வாக்குரிமைப் பிரிவை ஒரு தாளில் கணக்காகப் போட்டுப் பாருங்கள்.

ஓர் உதாரணம். 13 மாநிலங்களும் கோலாலம்பூரும் சேர்ந்து 14 இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கு என்றால் மொத்தம் 42. இதோடு நடப்புச் செயலவையினர் 12 பேருக்கும் பதவி வழியாக ஆளுக்கொரு வாக்கு என்று விதி இருந்தால் 54. இப்போது ஒன்பது மாநிலங்கள் மாற்றம் கேட்கின்றன, ஐந்து மாநிலங்கள் பழைய அணியோடு நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மாநிலங்களுக்கு 27 வாக்கு. ஐந்து மாநிலங்களின் 15, செயலவையின் 12, அதுவும் 27. சமநிலையானால் கூட்டத் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு என்று எழுதியிருந்தால் கதை முடிந்தது. ஒன்பதை ஐந்து வென்றுவிடும், ஒரு விதியும் மீறப்படாமலே! பதவியில் இருப்பவர் கூட்டத்தில் பேசலாம், அறிக்கை படைக்கலாம். தன் பதவிக்கான தேர்தலில் அந்தப் பதவியாலேயே ஒரு வாக்கு எதற்கு?

அடுத்தது சந்தா பாக்கி. கோயில் நிர்வாகத் தேர்தலுக்கு முதல் நாள் திடீரென்று உறுப்பினர் கூடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மூன்று வருடம் சந்தா கட்டாத, ஒரு போட்டிகூட நடத்தாத இணைப்பின் பாக்கி கூட்டத்தன்று காலை பதிவு மேசையில் ரொக்கமாகக் கட்டப்படும். கட்டுபவர் அந்த மாநிலத்துக்காரராகவே இருக்கமாட்டார். பொருளாளர் ரசீது எழுதிக் கொடுத்தால் மூன்று வாக்கு உயிர்பெற்றுவிடும். இதைத் தடுக்கப் பெரிய சீர்திருத்தம் வேண்டாம், தேதிகள் போதும். கூட்டத்துக்கு 30 நாள் முன்பு பட்டியலைப் பூட்டவேண்டும். 21 நாள் முன்பு எல்லா இணைப்புகளுக்கும் அனுப்பவேண்டும். ஆட்சேபத்துக்கு ஏழு நாள், அதன்பின் இறுதிப் பட்டியல். சந்தா அந்த இணைப்பின் வங்கிக் கணக்கிலிருந்து மட்டுமே வரவேண்டும்.

ஒரே மாநிலத்திலிருந்து இரண்டு நியமனக் கடிதங்கள் வருவதும் இதே வகைச் சிக்கல். தலைவர் ஒரு பெயர் தருவார், செயலாளர் இன்னொரு பெயர் தருவார். எது செல்லும் என்பதை மேடையில் இருப்பவர் தீர்மானித்தால் அது தேர்தல் அல்ல. மாநிலப் பொதுக்கூட்டம் முடிந்ததும் அதன் குறிப்பையும் கையொப்பமிடும் இருவரின் மாதிரிக் கையெழுத்தையும் தேசியச் செயலகத்தில் தாக்கல் செய்ய வைத்தால் பாதித் தகராறு அங்கேயே தீரும்.

கீழ்மட்டத்தில் நடப்பது இன்னும் அமைதியானது. புதிய கிளப்பின் இணைப்பு மனுவை யாரும் நிராகரிப்பதில்லை, பதிலே போடுவதில்லை. நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம். மௌனத்தை எதிர்த்து எங்கே போவது? 60 நாளில் எழுத்துமூலம் காரணத்தோடு பதில் தராவிட்டால் மனு ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்ற ஒரே வரியை மாநிலச் சட்டவிதியில் சேர்க்கலாம்.

எல்லா மாநிலத்துக்கும் சமவாக்கு சரியா என்று கேட்பவர்கள் உண்டு. ஃபீஃபாவில் 211 சங்கங்களுக்கும் ஆளுக்கொரு வாக்கு. கோலாலம்பூரில் தலைமையகம் கொண்ட உலகப் பூப்பந்துச் சம்மேளனத்தில் ஒன்று முதல் ஐந்து வரை. எடை வைக்கலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் எடை, காகிதத்தில் உள்ள கிளப் எண்ணிக்கைக்கு அல்ல, நடத்திய போட்டிகளுக்கும் களமிறங்கிய ஆட்டக்காரர்களுக்கும் இருக்கட்டும். கிளப்பை எண்ணினால் அடுத்த வருடமே பெயர்ப்பலகைக் கிளப்புகள் முளைக்கும். மூன்று வாக்கு உள்ளவருக்கு ‘3’ என்று அச்சிட்ட ஒரே சீட்டைக் கொடுக்காதீர்கள். எந்த மாநிலம் யாருக்குப் போட்டது என்று எண்ணும்போதே தெரிந்துவிடும். ஒரே மாதிரி மூன்று சீட்டுகள் கொடுங்கள், கைப்பேசியை வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

விளையாட்டாளர் வாக்கு பற்றி ஒன்று. அமெரிக்காவில் தேசிய விளையாட்டுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களில் மூன்றில் ஒரு பங்கு விளையாட்டாளர்களுக்கு என்று 2020ஆம் ஆண்டின் சட்டம் உயர்த்தியது. முன்பு ஐந்தில் ஒரு பங்கு. இங்கே முதலில் இரண்டு வாக்காவது கேளுங்கள். அந்த இருவரைத் தலைவர் நியமிக்கக்கூடாது. கடந்த நான்கு ஆண்டுகளில் தேசிய அணியிலோ, மாநிலங்கள் மோதும் மலேசிய விளையாட்டுப் போட்டியான சுக்மாவிலோ விளையாடியவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கட்டும். நியமனம் என்றால் அது செயலவையின் பதிமூன்றாவது, பதினான்காவது வாக்கு, அவ்வளவுதான்.

எதிலிருந்து தொடங்குவது? செயலவை வாக்கை நீக்குவதிலிருந்து வேண்டாம். மேலே சொன்ன உதாரணத்தில் சட்டவிதியைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு தேவை என்றால் 54இல் 36. செயலவை ஒட்டுமொத்தமாக எதிர்த்தால் 14 மாநிலங்களில் 12 உங்களோடு நிற்கவேண்டும். அது இப்போதைக்கு நடக்காது. பட்டியல் பூட்டும் தேதிகளைப் பல சங்கங்களில் சட்டவிதியைத் தொடாமல், தேர்தல் நடைமுறை விதியாகச் சாதாரணப் பெரும்பான்மையிலேயே கொண்டுவரலாம். பாக்கி வைத்த இணைப்புக்கு வக்காலத்து வாங்கி எழுந்து பேச யாரும் முன்வரமாட்டார்கள். பட்டியல் சுத்தமானால் 12 மாநிலம் என்ற கணக்கும் மாறும், வாக்கிழக்கும் இணைப்புகளால் 36 என்ற எண்ணே குறையும்.

தீர்மானம் மாநிலச் சங்கத்தின் வழியாகத்தான் போகவேண்டும் என்று பெரும்பாலான சட்டவிதிகள் சொல்லும். ஆகவே தேசியக் கூட்டத்தின் தீர்மானக் கெடுவைப் பார்த்து, அதற்கு முந்தைய மாநிலச் செயலவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கச் சொல்லி இப்போதே கடிதம் கொடுங்கள். வாட்சாப்பில் சொன்னால் போதாது. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

இப்படிக்கு,
பினாங்கு, கோலாலம்பூர் கிளப் செயலாளர்கள் சிலர்